கூரை மேல் எட்டு முழ வேட்டி

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் என் சம்பந்தியம்மா திலகவதி, மாப்பிள்ளை செழியனின் தாயார். கோபியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் குறிப்பு எழுதுகிற பழக்கம் அவருக்கு உண்டாம். இங்கே வந்த பிறகு எழுத ஒன்றுமில்லாமல் நோட்டு சும்மா கிடக்கிறது, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றார். நான் பேசுகிற மாதிரியே எழுத மாட்டாராம், திருத்தித்தான் எழுதுவாராம். அவருக்கு ஏதாவது தோன்றினால் அடைப்புக்குள் எழுதிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். என்ன எழுதினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

(உண்மைதான். — தி.)

என் பெயர் பொங்கியண்ணன். சங்ககிரியில் லாரி ஓட்டியவன். இப்போது இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் என்கிற மாநிலத்தில், டாலஸ் பக்கம், என் மகள் பூங்கொடியின் வீட்டில். வந்து குளிர்காலம் கழிந்து வெயில் காலமும் பாதி ஆகிவிட்டது. இங்கேயே தங்கிவிடலாம், அதற்கான அட்டையும் கையில் இருக்கிறது. ஆனால் செப்டம்பர் கடைசியில் திரும்ப டிக்கெட்டும் இருக்கிறது. இருக்கிறேனா போகிறேனா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே வெயில் நம் ஊர் சித்திரை வெயில். யாரும் வெளியே வருவதில்லை. வெயில் வீணாகப் போகிறது.

ஜூலை 7, திங்கள்

சம்பந்தியம்மா மெக்சிகோக்காரர் கடையில் நான்கு பை பச்சை மிளகாய் வாங்கி வந்து கீறி மோரில் ஊறப் போட்டிருக்கிறார். பின்பக்கம் காய வைத்தால் அணில் விடாது. அணில் என்றால் நம் ஊர் அணில் இல்லை, கீரி அளவு. போதாததற்கு வேலி நிழல், மர நிழல்.

அவர் அறை மாடியில். ஜன்னலைத் திறந்தால் கார் நிற்கிற ஷெட்டின் கூரை. சரிவு அதிகமில்லை. கருப்பு ஓடு, தார் பூசினது போல. உச்சி வெயில் முழுக்க அங்கேதான் விழுகிறது.

கூரையில் காய வைக்கலாம் என்பது என் யோசனை.

(என் யோசனை. — தி.)

ஜூலை 8, செவ்வாய்

பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு ஜன்னல் வழியாக இறங்கினேன். லாரியில் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிய காலுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. என் வெள்ளை வேட்டி ஒன்றை, எட்டு முழம், அப்படியே விரித்து நான்கு மூலைக்கும் தோட்டத்துச் செங்கல் வைத்தேன். சம்பந்தியம்மா ஜன்னலில் நின்று தட்டுத் தட்டாக நீட்டினார். பரப்பினேன். கருப்பாக, நீண்ட வாலோடு ஒரு பறவை இங்கே கூட்டமாக வருகிறது. காக்கை தோற்றது. அதனால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மிச்சத் தட்டுகளை உட்கார்ந்தபடியே வாங்கினேன்.

எதிர் வீட்டுப் பாட்டி நாயோடு போனவள் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது.

ஜூலை 12, சனி

மிளகாய் காய்ந்தது. இரவு தயிர்ச்சோற்றுக்கு வறுத்தார்கள். மாப்பிள்ளை பத்துப் பதினைந்து தின்றிருப்பார். எங்கே காய வைத்தீர்கள் என்று பூங்கொடி கேட்டாள். வெயிலில் என்றேன்.

ஜூலை 30, புதன்

இன்றைக்கு வீட்டில் ஒரு பிரச்சினை வந்துவிட்டது.

இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிற கம்பெனி, அக்டோபர் முதல் தேதியோடு சரி, அதற்கு மேல் உங்கள் வீட்டுக்குப் போட மாட்டோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறது. பூங்கொடி நிதானமாகச் சொன்னாள். நம் ஊரில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடுகிறவன் யார்? இங்கே போடாமல் முடியாது. வீடு பேங்க் கடனில் இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லையென்றால் பேங்க்காரனே ஒன்றைப் போட்டுவிட்டு, அந்தச் செலவை இவள் கட்டுகிற மாதத் தவணையோடு சேர்த்துவிடுவான். அது இப்போது கட்டுவதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வருமாம். அதுவும் வீடு போனால் பேங்க்கின் பணத்துக்குத்தான் காப்பு, இவர்கள் சாமானுக்குக் கிடையாது. அப்படி ஏறினால் வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போக வேண்டியதுதான் என்றாள். மாப்பிள்ளை கம்பெனியில் போன தை மாதமே சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்.

காரணம் என்னவென்றால், கூரை பழுது, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது, எங்களிடம் படம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். படத்தை அனுப்பவில்லை. மேலே இருந்து எடுப்பார்களாம்.

நாங்கள் தார்ப்பாய் எதுவும் போடவில்லை. வேறு வீட்டைப் பார்த்துவிட்டு எழுதியிருப்பார்கள்.

(இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அண்ணா கவனிக்கவில்லை. — தி.)

ஆகஸ்ட் 2, சனி

மாப்பிள்ளை காலையிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன். அவர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன்.

இந்த மாநிலத்தில் கல்மழை, அதாவது ஆலங்கட்டி மழை, பெய்யும். எலுமிச்சை அளவு, சில சமயம் அதைவிடப் பெரிதாக விழும். கூரை போகும், கார் கண்ணாடி போகும். வருஷா வருஷம் அப்படி விழுந்து கம்பெனிகள் கொடுத்துக் கொடுத்து, இப்போது எல்லார் தலையிலும் விலையை ஏற்றிவிட்டார்கள். கல்லே விழாத வீட்டுக்காரனும் சேர்த்துத்தான் கட்டுகிறான். அதிலும் கல்மழைக்கென்று தனிக் கணக்கு. வீட்டு மதிப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு நம்முடையது. இந்த வீட்டுக்கு அது ஒன்பதாயிரம் டாலர். கூரை போனால் முதல் ஒன்பதாயிரம் நம் கையிலிருந்து, அதற்கு மேல்தான் அவர்கள் தருவார்கள். கூரை பழசாகிவிட்டால், புதுக்கூரையின் விலையைத் தராமல் தேய்மானம் போக மிச்சம்தான் தருவோம் என்கிற கம்பெனியும் உண்டு. அதன் விலை குறைவு. குறைவு என்று அதை எடுத்தவர்கள் கல் விழுந்த பிறகு அழுகிறார்களாம்.

காரும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீடும் காரும் ஒரே கம்பெனியில் இருந்தால் இரண்டுக்கும் தள்ளுபடி. வீட்டு இன்சூரன்ஸ் போனால் காரின் தள்ளுபடியும் போய்விடும்.

கார் இன்சூரன்ஸை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். எங்கள் லாரிக்கு எத்தனை டன் என்று பார்த்துப் போடுவார்கள், ஓட்டுகிறவன் மூஞ்சியை யாரும் பார்த்ததில்லை. இங்கே ஓட்டுகிறவன் வயசு, எந்தத் தெரு, தினம் எத்தனை தூரம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா என்பதற்குக்கூட மார்க் போட்டு விலை சொல்கிறார்கள். கடன் கட்டுவதற்கும் ஸ்டியரிங் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம் மாப்ள என்றேன். அது எனக்கும் தெரியாதுங்க மாமா என்றார்.

புதுக் கம்பெனிகள் சொல்கிற விலை இப்போது கட்டுவதைவிடப் பாதிக்கு மேல் அதிகம். இரண்டு கம்பெனி பேசவே மாட்டேன் என்றது. முந்தின கம்பெனி விட்டுவிட்டதா என்று முதலில் கேட்கிறார்களாம். ஆமாம் என்றால் குரலே மாறிவிடுகிறது.

வெண்டைக்காயைப் பெரிதாக நறுக்கிவிட்டேன் என்று சம்பந்தியம்மா சொன்னார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியும்போது ஞாபகம் வந்தது. மிளகாய் போட்ட முதல் நாள், அந்தச் செவ்வாய், ஒரு சின்ன விமானம் வந்தது. பெரிய விமானம் நேராகப் போய்விடும். இது ஏர் ஓட்டுகிற மாதிரி வடக்கே போய் திரும்பித் தெற்கே வந்து, மறுபடியும் வடக்கே போனது. மருந்து அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்த்தேன்.

வேட்டி வெள்ளை. நான்கு மூலையில் செங்கல். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அது தார்ப்பாய்தான்.

சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"புதன்கிழமையே எனக்குத் தெரியுமுங்கண்ணா. நீங்களா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

"நீங்க இதுல இல்லீங்க. நான் ஏறினேன், நான் விரிச்சேன். வெளிய வந்தாலும் அப்பிடியே இருக்கட்டும். இருக்கறவங்க நீங்க. நான் போறவன்."

"யாரு சொன்னது போறவருன்னு?"

"டிக்கெட் சொல்லுதுங்களே."

 வேறு கம்பெனி கிடைத்துவிட்டால் இதைச் சொல்ல வேண்டிய தேவையே வராது. கிடைக்கும் வரை பார்ப்போம்.

(கூரையில் இறங்கியது அவர். இறங்கச் சொன்னது நான். மகனிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. — தி.)

ஆகஸ்ட் 7, வியாழன்

கூரையைப் பார்க்க ஆள் வந்தார். கூரையில் பழுதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று மாப்பிள்ளை வரவழைத்தது. மெக்சிகோக்காரர், எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயசு. பிள்ளைகள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் மீட்டிங்கில் இருந்தார்கள். நானும் சம்பந்தியம்மாவும் கீழே நின்று பார்த்தோம்.

இறங்கி வந்து உள்ளங்கையைக் காட்டினார். இரண்டு மிளகாய்க் காம்பு, ஒரு காய்ந்த மிளகாய். என்னைப் பார்த்தார், சம்பந்தியம்மாவைப் பார்த்தார், சிரித்தார். தன் அம்மாவும் கூரையில் மிளகாய் காய வைப்பாள் என்று கையாலேயே சொன்னார். மிளகாயை மோந்து பார்த்து, மோரில் ஊறப்போட்ட வாசனை அவருக்குப் புதிது போல, ஒரு கடி கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா உள்ளே போய் ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தனுப்பினார்.

கூரையில் ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மிளகாயைப் பற்றி எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூரை நன்றாக இருக்கிறது என்ற காகிதத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டது, ஆனால் அப்படியானால் அந்தத் தார்ப்பாய் ஏன் என்று கேட்கிறது. பதில் சொன்னால்தான் மறுபடி யோசிப்பார்களாம். மாப்பிள்ளை படத்தை அனுப்பச் சொல்லி எழுதிவிட்டார்.

மதியம் மதுரைக்கார ஏஜெண்ட் ஒருவர் போனில் வந்தார். பல கம்பெனிக்கு விற்கிறவர். தமிழில் பேசியதால் எனக்கும் புரிந்தது. வீட்டில் மொத்தம் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். கார் இன்சூரன்ஸுக்கு அது வேண்டுமாம். வீட்டில் இருக்கிறவன் எவனும் சாவியை எடுத்து ஓட்டிவிடலாம் இல்லையா, அந்தப் பயம்.

"நானு, ஒய்ஃப், எங்கம்மா" என்றார் மாப்பிள்ளை. "மாமா வந்திருக்காரு. செப்டம்பர்ல ஊருக்குப் போறாரு."

விருந்தாளி என்றால் எழுத வேண்டாம் என்றார் ஏஜெண்ட்.

மாப்பிள்ளை சொன்னது சரிதான். நான் எப்போதும் வேறு மாதிரி சொன்னதில்லை. சாயங்காலம் பூங்கொடியிடம், முடிந்தால் டிக்கெட்டை முன்னால் போட்டுக் கொடு என்றேன். ஏனுங்கப்பா என்றாள். ஊரில் வேலை இருக்கிறது என்றேன்.

(அவருக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லை. வீட்டை இரண்டு வருஷம் முன்பே, அக்கா, அவர் மனைவி, தவறிய பிறகு, வாடகைக்கு விட்டாயிற்று. — தி.)

ஆகஸ்ட் 13, புதன்

படம் வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். பூங்கொடி கம்ப்யூட்டரை மேஜை மேல் வைத்தாள். நான்கு பேரும் குனிந்தோம். நம் வீட்டை மேலே இருந்து நான் பார்த்ததில்லை. தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. அவள் விரலை வைத்து விரிக்க விரிக்கக் கூரை கிட்டே வந்தது. வெள்ளையாக ஒரு நீள்சதுரம். நான்கு மூலையில் நான்கு சிவப்புப் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் புள்ளி, கீழே இரண்டு கால்.

"இது ஆளு" என்றார் மாப்பிள்ளை. "நம்ம கூரைல யாரோ உக்காந்திருக்காங்க."

பூங்கொடி இன்னும் விரித்தாள். தலையில் துண்டு. எனக்கு என் துண்டு தெரியாதா? அவளுக்கும் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தான் சாமி" என்றேன். "மொளகாய்க்குக் காவலு. நானா ஏறினேன். யாருக்கும் தெரியாது."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் விரலை நகர்த்தினாள். ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. கையில் எவர்சில்வர் தட்டு, வெயிலில் பளபளவென்று.

 சம்பந்தியம்மா வளையலைத் தள்ளிக்கொண்டு கையை மேஜை மேல் வைத்தார்.

"அந்தக் கை இதுதான். சொன்னதும் நானு, மொளகாயும் என்னுது. அண்ணா பொய் சொல்றாரு."

மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இந்த வீடு போயிருக்குமுங்க. ரண்டு வாரமா நான் பிச்சைக்காரனாட்டம் ஒவ்வொருத்தனையும் கெஞ்சிட்டு இருக்கேன். ரண்டு பேரும் பக்கத்துல உக்காந்து வெண்டைக்காய் அரிஞ்சுட்டு இருந்தீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. 

பூங்கொடிதான் திடீரென்று எழுந்தாள். சின்னதில் கோபம் வந்தால் உதடு எப்படி நடுங்குமோ அப்படி நடுங்கியது. "வீடு கெடக்குது, விடுங்க. எழுபத்தி நாலு வயசுல அத்தனை உசரத்துல ஏறி உக்காந்திருக்கறீங்களே, விழுந்திருந்தா? நான் ஆபீஸ்ல இருந்து வந்து எங்கப்பா எங்கேன்னு தேடோணுமா? அத்தை, நீங்களாச்சும் சொல்லியிருக்க வேண்டாமா?"

"தப்புத்தான் கண்ணு" என்றார் சம்பந்தியம்மா.

"இதுக்குத்தான் டிக்கெட்டை முன்னால போடச் சொன்னீங்களா?"

 சோறு ஆறிவிட்டது. ரசத்தை மட்டும் மறுபடி சுட வைத்துச் சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்துவிட்டு, "இத்தனை செலவு பண்ணி ஒரு வத்தலு யாரும் தின்னிருக்க மாட்டாங்க" என்றார். சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி, தண்ணீர் குடித்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனிக்குப் போன். பேசியது பூங்கொடி, சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, மேலதிகாரி. இங்கிலீஷில் நடந்ததைச் சம்பந்தியம்மா என் காதருகில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அது தார்ப்பாய் இல்லை, என் அப்பா இடுப்பில் கட்டுகிற துணி என்று பூங்கொடி சொன்னாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு அந்தத் துணி ஏன் கூரையில் இருந்தது என்று கேட்டாள் அந்த அம்மா. மிளகாய் காய வைத்தோம் என்றாள் பூங்கொடி. எதற்காகக் காய வைக்கிறீர்கள் என்று கேட்டாள். பிறகு வறுத்துத் தின்பதற்கு என்றாள்.  தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் வந்தது.

கூரைக்காரர் எழுதியது கோப்பில் இருக்கிறது, துணி இல்லாமல் இன்றைய தேதியில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், இனிமேல் யாரும் கூரையில் ஏற மாட்டோம் என்று எழுதித் தாருங்கள், புதுப்பிக்க நான் சிபாரிசு செய்கிறேன் என்றாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. கூரையில் இருக்கிறவர் யார் என்றீர்கள் என்று அந்த அம்மா கேட்டாள். என் அப்பா. உங்கள் கார் பாலிசியில் வீட்டில் குடியிருப்பவர்கள் மூன்று பேர் என்று இருக்கிறது, உங்கள் அப்பா விருந்தாளியா, அங்கே வசிக்கிறவரா?

சம்பந்தியம்மா இதை என் காதில் சொல்லி முடித்தார். விருந்தாளி என்று சொன்னால் அதோடு போயிற்று. வசிக்கிறவர் என்றால் இன்னொரு காகிதம், இன்னொரு விசாரணை, விலையும் ஏறலாம். விருந்தாளி என்று சொல்லு என்று நான் கையைக் காட்டினேன். பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் அவளைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார்.

அவள் போனில் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னாள். சம்பந்தியம்மா உடனே தமிழில் சொல்லவில்லை. என்னங்க சொன்னாள் என்று நானே கேட்க வேண்டியிருந்தது.

"'எங்க அப்பா இங்கதான் குடியிருக்காரு'ன்னு சொல்றாங்கண்ணா."

ஆகஸ்ட் 16, சனி

மாப்பிள்ளை எதிர் வீட்டிலிருந்து ஏணி வாங்கி வந்து, தானே ஏறிக் கூரையைப் படம் எடுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே இருந்து, "நல்லாத்தான் இருக்குதுங்க மாமா, காத்து" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

புதுப்பித்துவிட்டார்கள். விலை ஏறியிருக்கிறது, எங்களால் இல்லை, மாநிலம் முழுக்க ஏறியதாம். மாதம் அறுபது டாலர் கூடுதலாகும். கல்மழைக்கு நம் பங்கு அதே ஒன்பதாயிரம். சமாளிக்கலாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தார்கள். பேங்க்குக்கும் தகவல் போய்விட்டது.

சாயங்காலம் பூங்கொடி தன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கார் பாலிசிக்காக ஒரு காகிதம், அதுவும் போனுக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் படித்துக் காட்டினாள். பெயர், பொங்கியண்ணன். பாலிசிக்காரருக்கு உறவு, தந்தை. முகவரி, இந்த வீடு. அதற்குக் கீழே, இவர் இந்த வீட்டில் வசிக்கிறார், ஆனால் இந்த வீட்டு வண்டி எதையும் எப்போதும் ஓட்ட மாட்டார், ஓட்டினால் கம்பெனி பொறுப்பில்லை என்று போட்டிருந்தது.

மாப்பிள்ளை சங்கடப்பட்டார். சங்ககிரியிலிருந்து கல்கத்தா வரை லோடு ஏற்றிப் போனவனிடம் இதில் கையெழுத்து கேட்கிறோமே என்று நினைத்திருப்பார். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது. "இது வெறும் ஃபார்மாலிட்டிதானுங்க மாமா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

பெயரும் முகவரியும் இருக்கிற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். பூங்கொடி படித்தாள்.

விரலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன்.